பெரம்பலூரிலிருந்து வடகிழக்குக்கு, கம்மி செலவில்

மற்றவர்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிக்கெட் புக்கிங் கடையில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் யாரும் எங்களைக் கேட்பதில்லை, அவர்களே போய்விடுகிறார்கள். அதனால் கடைக்கார அக்கா, ‘அதிகம் பேர் போகாத ஊர்களுக்குக் கம்மி செலவில் பயணத் திட்டம் போட்டுத் தரப்படும்’ என்று ஒரு போர்டு மாட்டினார். அன்றிலிருந்து அஸ்ஸாமும் அருணாசலமும் என் மேஜைக்கு வந்துவிட்டன. வெயிட்டிங் லிஸ்ட் நகருமா என்று போனையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பெயர் தெரியாத வளைவு

கீழப்பழுவூரிலிருந்து ஒருத்தர் மனைவியோடு வந்தார். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். சர்க்கரையால் கண் மங்க ஆரம்பித்து, ஓட்டுவதை விட்டுவிட்டார். அஸ்ஸாமில் டீத்தூள் லோடு ஏற்றி வரும்போது ஒரு வளைவு திரும்பியதும் பிரம்மபுத்திரா கடல் மாதிரி தெரியுமாம். “நின்னு பாக்க நேரமில்லம்மா. முழுசாத் தெரியாமப் போறதுக்குள்ள இவளுக்கு அதக் காட்டிப்புடணும்” என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். தெரியாது. பக்கத்தில் என்ன இருந்தது? ஒரு டீக்கடை. அஸ்ஸாமில் டீக்கடையை வைத்து நான் எந்த ஊரைக் கண்டுபிடிப்பது? “அந்த வளைவு வந்தா என் ஒடம்பே சொல்லிடும்மா” என்றார்.

மேப்பில் ஆற்றை ஒட்டி ஓடும் ரோட்டைத் தேடித்தேடி, கௌஹாத்தியிலிருந்து தேஜ்பூர் வரை லோக்கல் பஸ்ஸிலேயே போகிற மாதிரி மூன்று நாள் திட்டம் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அவர் வெளியே தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில், “கண்டுபிடிச்சிட்டாராக்கா?” என்று அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்குனாரு. இதுதான்னாரு. அங்க டீக்கடையும் இல்ல, வளைவும் இல்ல. ஆத்தப் பாத்துட்டு நானும் இதுதாங்கன்னு சொல்லிட்டேன்.”

நாலாவது ஸ்வெட்டர்

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் நாலு பெண்கள். முந்திரிப் பாலில் விரலெல்லாம் கறுத்திருந்தது. ஐஸ் விழுகிற ஊருக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. காஷ்மீர் வேண்டாம், அங்கே எல்லாரும் போகிறார்கள் என்றார்கள். அருணாசலத்து மலையில் இருக்கும் தவாங் போட்டோவைக் காட்டினேன். நாலு பேரும் போனை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். கொட்டை வரத்து ஆரம்பித்தால் லீவு கிடைக்காது என்பதால், அதற்கு முன்னால் மாசியில் நாள் குறித்தோம். அருணாசலத்துக்குள் நுழைய வாங்க வேண்டிய பர்மிட்டுக்கு நாலு பேர் போட்டோவும் வாங்கினேன். திருச்சியில் ஒரே மாதிரி நாலு ஸ்வெட்டர் எடுத்தார்கள்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது நாலாவது பெண் செல்வி வீட்டில் விடவில்லை. மூன்று பேர்தான் போனார்கள். முழங்கால் அளவு பனியில் நின்று அவளுக்கு வீடியோ கால் போட்டார்களாம், சிக்னல் எடுக்கவில்லையாம். இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து செல்வி மட்டும் தனியாக வந்தாள். அந்த வெயிலிலும் பையில் ஸ்வெட்டர் இருந்தது. டிக்கெட் பணம் திரும்பி வரவில்லை என்று கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அது வந்துருச்சுக்கா. நீங்க டைப் அடிச்சுக் குடுத்தீங்கல்ல, எந்த நாளு எந்த ஊருன்னு, அதுல எனக்கும் ஒரு காப்பி குடுங்க. அவளுவ பேசறப்ப எந்த எடம்னு புரியமாட்டேங்குது.”

விக்கிரமங்கலத்திலிருந்து ஐந்து நாள்

விக்கிரமங்கலத்திலிருந்து வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்களுடைய மகன் அருணாசலத்தில் ரோடு போடும் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் சென்னையைத் தாண்டியதில்லை, இந்தி ஒரு வார்த்தை தெரியாது. எங்களுக்குப் பக்கத்து ரயில் ஸ்டேஷனான அரியலூரிலிருந்து சென்னை, அங்கிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் கௌஹாத்தி, மறுபடி ரயில், பிறகு ஷேர் ஜீப். ஒவ்வொரு இடத்திலும் காட்டுவதற்கு இந்தியில் தனித்தனிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். போகிற வழியில் பார்க்க ஒரு அருவி, ஒரு மடாலம், ஒரு ஏரி என்று நானாகவே சேர்த்தும் வைத்தேன். அவ்வளவு தூரம் போகிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு.

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகனுக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களிடம், “ஏரி பாத்தீங்களா? எப்புடி இருந்துச்சு?” என்று ஆவலாகக் கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்க்க, அம்மாதான் சொன்னார்.

“நாங்க போன அன்னிக்கு அவன் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்தான். சோறு தின்னுட்டு அப்புடியே படுத்துட்டான். சாயங்காலம் வரைக்கும் அவன் தூங்குறதப் பாத்துக்கிட்டு இருந்தோம்மா, வேற எதுவும் பாக்கல.”

என் டிக்கெட்

“நீங்க எத்தன தடவ போயிருக்கீங்க?” என்று வாடிக்கையாளர்கள் கேட்கும்போதெல்லாம் “ரெண்டு தடவ” என்று சொல்லிவிடுவேன். உண்மையில் நான் பார்த்த வடக்கு எல்லை சென்னைதான். மாஜுலி என்று பிரம்மபுத்திராவுக்கு நடுவில் ஒரு தீவு. படகு எத்தனை மணிக்கு, மூங்கில் குடிசையில் தங்க யாரிடம் கேட்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டு முறை டிக்கெட் போட்டேன். முதல் முறை மகளுக்குப் பரீட்சை. அடுத்த முறை அவர் ஓட்டும் மினி பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் கிடைக்கவில்லை. இரண்டு முறையும் என் கையாலேயே கேன்சல் செய்தேன்.

போன மாதம் மறுபடி நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிராமலே சொன்னார்.

“ஒரு டிக்கெட் போடு, போதும். ரெண்டு பேரா போவணும்னு இருந்தா, ரெண்டு பேருமே போவமாட்டோம்.”

ஒரு டிக்கெட்தான் போட்டேன், கன்ஃபர்மும் ஆகிவிட்டது. இத்தனை பேருக்குத் திட்டம் போட்டதில் நான் தெரிந்துகொண்டது, எவ்வளவு தூரத்து ஊராக இருந்தாலும் கஷ்டமான பகுதி வீட்டு வாசலிலிருந்து அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும்தான்.