காணாமல் போன பெரம்பலூர் ஸ்டேஷன்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கு உண்டு. இந்த ஒண்ணை வெச்சே அரியலூர்க்காரனான என் மச்சினன், எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து கிண்டல் பண்ணுவான். "மாமா, உங்க ஊர்ல ரயில்னா டிவியிலதானே?" அந்த வீம்புலதான் கம்ப்யூட்டர் ரயில் கேம்ல ரெண்டு பேரும் சேர்ந்து அரியலூர்-பெரம்பலூர் லைன் போட ஆரம்பிச்சோம். தண்டவாளமும் அரியலூரும் அவன் பொறுப்பு. பெரம்பலூர் ஸ்டேஷன் என் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டுல யாராவது பஸ் ஏறினா பென்டிரைவும் கூடப் போகும்.

அந்த கேம்ல எதை வெச்சாலும் ஏதாவது ஒரு லேயர்லதான், அதாவது அடுக்குலதான் வெக்கணும். லேயரைப் பூட்டவும் செய்யலாம். முதல் வாரமே அவன் தண்டவாளம் இருக்குற ரூட் லேயரைப் பூட்டி அனுப்பியிருந்தான். கை தவறி தண்டவாளம் நகர்ந்துடக் கூடாதாம். எனக்குச் சுருக்குன்னுச்சு. மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? திறந்து விடுன்னு கேக்க ரோஷம். கீழே செஷன் லேயர்னு ஒண்ணு பூட்டாம கிடந்துச்சு. போடா நீயும் உன் பூட்டும்னு அதுல கட்டினேன். பிளாட்பாரம், டிக்கெட் கவுண்டர், வாசல்ல ரெண்டு புங்கமரம், ஊர்ப் பலகை. பலகையில பெரம்பலூர்னு எழுத்து விழுந்ததும், சிரிக்காதீங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்த ஞாயிறு பென்டிரைவ் திரும்பி வந்துச்சு. அவன் ரயிலை ஓட்டிப் பாத்து சேமிச்சதைத் திறந்தேன். அரியலூர் அப்படியே இருக்கு, சிமென்ட் வேகன்கூட வரிசையா நிக்குது. பெரம்பலூர் வெறும் பொட்டல்.

மறுபடி கட்டினேன். மறுபடி காணோம். மூணாவது தடவை பொறி வெச்சேன். யாரும் திரும்பிப் பாக்காத இடத்துல ஒரே ஒரு பச்சைக் குடிசை மட்டும் வெச்சு அனுப்பினேன். அதுவும் போச்சு. நடுவுல போன் பண்ணி, "ஸ்டேஷன் எப்ப மாமா கட்டுவீங்க?"ன்னு கேட்டுச் சிரிக்கிறான். அடப்பாவி, அழிச்சதும் இல்லாம கேள்வி வேறயா!

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் தம்பிகிட்ட நேரா கேளுங்களேன்"ன்னா என் பொண்டாட்டி. கேட்டா ஒத்துக்குவானா?

அப்பதான் எங்க பாப்பாவுக்கு கல்லங்குறிச்சி கோயில்ல காதுகுத்து வெச்சோம். அவன் ஒருத்தன்தான் தாய்மாமன், அவன் மடியிலதான் குழந்தை உக்காரணும். முறையா அழைக்க அரியலூர் போனோம். அவன் காபி கொண்டாந்து குடுத்தான். டம்ளரைக் கீழே வெச்சுட்டு, என் பொண்டாட்டி முன்னாடியே சொன்னேன்: "விளையாட்டுல திருடுறவன் எதுலயும் திருடுவான்."

அவன் முகம் சுண்டிப்போச்சு. "நான் எதையும் தொடல மாமா."

"பூட்டு போட்டவன் நீதானே?"ன்னேன். அவன் காலி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டான்.

காதுகுத்துக்கு வந்தான். சீர்த்தட்டு, தோடு, ஒண்ணும் குறையில்ல. பாப்பாவை மடியில வெச்சு, ஆசாரி ஊசியை எடுத்தப்ப அவ கண்ணைத் தன் கையால பொத்தினான். பந்தியில இலை போட்டு ஆளைத் தேடினா, பஸ் ஏறிட்டான்னாங்க. தாய்மாமன் கை நனைக்காம போன விசேஷம் அது. அவனுக்குப் போட்ட இலையை என் பொண்டாட்டியே மடிச்சு எடுத்துட்டுப் போனா.

ரெண்டு நாள் கழிச்சு கேமைத் திறந்தேன். அவனைப் பிடிக்க ஆதாரம் தேடித்தான். பட்டியல்ல அவன் சேமிச்சதுக்கெல்லாம் கீழே நான் முதல்ல சேமிச்சது கிடந்துச்சு. அமுக்கினேன். பிளாட்பாரம், புங்கமரம், பலகை, ஒண்ணும் போகல. இன்னொண்ணுல பச்சைக் குடிசையும் இருந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது, செஷன் லேயர்ல வெக்கிறது விசேஷத்துக்குப் போடுற பந்தல் மாதிரி, அந்த செஷனோட, அதாவது அந்த ஒரு ஆட்டத்தோட சரி. அவன் ஒவ்வொரு தடவையும் புது செஷன் ஆரம்பிச்சு ஓட்டியிருக்கான். என் ஸ்டேஷனை அவன் கண்ணால பாத்ததே இல்ல.

போன் பண்ணி, தப்பு என்னோடதுன்னு சொன்னேன்.

"தெரியும் மாமா. அழைக்க வந்த அன்னிக்கு நீங்க கிளம்பினதுமே கேமைத் திறந்து பாத்துட்டேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"ஸ்டேஷன் எங்கடான்னு ஒரு தடவை கேட்டிருந்தா உக்காந்து தேடிக் குடுத்திருப்பேன். திருடன்னீங்க, எங்க அக்கா முன்னாடி. அதுக்கு என்ன மாமா பதில் சொல்றது?"

வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வாடான்னேன்.

"பாப்பாவுக்குக் காது ஆறிடுச்சான்னு அக்காவைப் போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க"ன்னு வெச்சுட்டான்.