மூக்கு வரை துடைத்த கண்ணாடி

அப்பாவின் படம் கூடத்துச் சுவரில் ஏறி ஓராண்டு ஆகிறது. படத்துக்குப் போட்ட கண்ணாடியில் தினமும் தூசி இறங்குகிறது. துடைக்கிறோம்; இறங்குகிறது; மறுபடியும் துடைக்கிறோம். இந்த வேலையை அப்பா ஆயுள் முழுக்க அலுக்காமல் செய்தார் என்று எழுதினால் இந்த நினைவு மலருக்கு அழகாக இருக்கும். அலுத்துத்தான் செய்தார். அலுத்துக்கொண்டே, ஒரு நாளும் விடாமல் செய்தார். இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு, மூத்த மகளாகிய நான் சொல்ல வந்தது அதைத்தான். கூடவே, அப்பாவிடம் சொல்லாமல் விட்டுப்போன ஒன்றையும்.

அப்பா பிறந்தது தேவாரம் என்னும் ஊரில். மீசை முளைக்கும் வயதில் தகப்பனாரை இழந்தார். மழை வந்தால் விளையும் நிலத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டிக்கு வந்து நூற்பாலையில் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு, காதுமடலில் பஞ்சு, செருமினால் தொண்டையிலும் பஞ்சு. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே சொல்வார்: "மில்லுல பஞ்சு, ரோட்டுல புழுதி, ஆடி பொறந்தா காத்து. வீட்டுக் கண்ணாடியாச்சும் சுத்தமா இருக்கட்டும்."

அந்தக் கண்ணாடி, அம்மாவின் சீரோடு வந்த பெல்ஜியம் கண்ணாடி. அதன் மேல் தண்ணீர் தெளிக்க விடமாட்டார். சட்டத்து ஓரத்தில் ஈரம் இறங்கினால் ரசம் கறுத்துவிடும். சுவரின் ஓதம் தாக்காமல் இருக்க, பழைய செருப்பு ரப்பரை நாலு துண்டாக அறுத்து முதுகுப்பக்கம் ஒட்டியிருந்தார். நானும் தங்கையும் ஒட்டிவைத்து மறந்த ஸ்டிக்கர் பொட்டுகளைத் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவைத்துத்தான் எடுப்பார். நகம் பட்டால் கோபம் வரும். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் கண்ணாடி முழுக்கப் பூசுவார். அது வெள்ளையாகக் காயும்வரை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறாரா, களைத்திருக்கிறாரா என்று தெரியாது. பிறகு எழுந்து, நைந்த வேட்டித் துணியால் வெள்ளையைத் துடைத்தெடுப்பார். வீடே ஒருதரம் முகம் கழுவிக்கொண்ட மாதிரி இருக்கும்.

என்னைத் தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்த சில வருடங்களில், தொண்ணூறுகளின் கடைசியில், அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் கையும் இரண்டு மாதத்தில் தேறிவிட்டன. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்றுமில்லை. மூக்குக்குக் கீழேதான், இடப்பக்கத்து வாய் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கன்னத்தை உப்பிப் பழக வேண்டும் என்றார் மருத்துவர். முதல் சில மாதங்கள் அம்மா கண்ணாடிப் பக்கமே போகவில்லை. பொட்டைக் கூடத் தடவித் தடவி ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் தங்கைக்கு வரன் அமைந்தது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அம்மா சொன்னதை எஸ்.டி.டி. பூத்திலிருந்து தங்கை எனக்குச் சொன்னாள். "அக்கா, அம்மா மேடைக்கு வர மாட்டாகளாம். போட்டோவுல என் வாயிதான தெரியும், ஒங்க சித்தி நின்னு நடத்தட்டும்ங்கிறாக. நீ வந்து பேசு." சொல்லிவிட்டு அழுதாள். பெற்றவள் இருக்கும்போது வேறொருத்தி நின்று தாரை வார்ப்பதா என்ற வேதனை அவளுக்கு.

ஐப்பசியில் ஒரு வாரம் இருந்து வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று போனேன். கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்தக் கண்ணாடிதான். மேல்பாதி பளிச்சென்று இருந்தது. கீழ்ப்பாதியில் திருநீறு காய்ந்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக நின்றது. அப்பா மில்லுக்குப் போயிருந்தார். பாவம், மேல்பாதியைத் துடைத்ததும் கை ஓய்ந்திருக்கும், அப்படியே கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன். வயதாகிறதே என்று பட்டது. வேட்டித் துணியை எடுத்து மிச்சத்தையும் துடைத்து முடித்தேன். நன்றாகவே துடைத்தேன், அவர் பழக்கியபடி, ஓரம் வரைக்கும்.

அம்மா பின்கட்டிலிருந்து குங்குமச் சிமிழோடு வந்தார். வழக்கமான இடத்தில், வழக்கம்போல நின்றார். நிமிர்ந்தார்.

"இம்புட்டா போயிருச்சு?" என்றார். "யாரும் எங்கிட்டச் சொல்லலையே."

சிமிழை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனார். அன்று பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. நான் எதைக் கெடுத்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுக்களை வாசலை ஒருதரம் பார்த்தார். "நல்லா தொடச்சிருக்க ஆத்தா" என்றார். அவ்வளவுதான். அலுமினியக் கிண்ணத்தில் திருநீற்றைக் குழைத்துக் கண்ணாடி முழுக்கப் பூசினார். காயும்வரை நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து கண்ணாடி முன்னால் நின்று முழங்காலை மடக்கினார். எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்த கால்கள் அவை. மடக்கி மடக்கி, அம்மாவின் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினார். தன் மூக்கு நுனி தெரிந்த இடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே மட்டும் துடைத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா கண்ணாடியின் முன்னால் வந்து நின்று பொட்டு வைத்துக்கொள்ள, மூக்குக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி அப்பா ஓர் இடம் செய்து கொடுத்திருந்தார். அதைத்தான் நான் துடைத்துப் போட்டேன்.

ஐந்து நாள் அம்மா வரவில்லை. ஆறாம் நாள் வந்தார். நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பொட்டு வைத்தார். அதன்பின் வாரத்துக்கு ஒருதரம் அந்தக் கோடு ஒரு நூல் இறங்கியது என்று தங்கை சொன்னாள். மூக்கின் கீழ், மேலுதடு, உதட்டின் வலப்பக்கம். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். மார்கழி நடுவில் ஒருநாள் காலையில், அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்று அம்மா கன்னத்தை உப்பிக்கொண்டிருந்ததைத் தங்கை பார்த்திருக்கிறாள்.

கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாரை வார்க்கும் படத்தில் அம்மா நிற்கிறார். முந்தானையால் வாயை மறைக்கவில்லை. வாய் கோணித்தான் இருக்கிறது. பக்கத்தில் அப்பா, பட்டு வேட்டியில், ஷிப்ட் முடிந்து வந்தவர் மாதிரி களைத்துப் போய்த் தெரிகிறார்.

"ஒனக்கு அப்பவே தெரியுமாம்மா, அப்பாதான் வேணும்னு விட்டாகன்னு?" என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"தெரியாமயா. சரி, அவுகளாத் தொடைக்கட்டும்னு இருந்தேன். எனக்கும் கொஞ்சம் நாள் வேணும்ல."

கடைசி மூன்று மாதம் அப்பா கட்டிலோடு கிடந்தார். உடம்பு வற்றி, கன்னம் ஒட்டி, தாடை எலும்பு தனியாகத் தெரிந்தது. ஒருநாள் காலையில் சவரம் செய்ய வேண்டும் என்று கைக்கண்ணாடி கேட்டார். அம்மா எடுத்து வந்து நீட்டினார். அப்பா வாங்கிப் பார்த்தார். மேல்பாதி பளிச்சென்றும், கீழ்ப்பாதி திருநீறு காய்ந்து வெள்ளையாகவும் இருந்தது.

அப்பா சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "என்னய என்ன பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போற? பூராத்தையும் தொடச்சு விடு."

"வேணாங்க. கண்றாவியா இருக்கீக."

"அதத்தான நீ தெனமும் பாக்குற. நானும் பாத்துக்கிறேன். தொடச்சு விடு."

அம்மா முந்தானையால் துடைத்தார். அப்பா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, அவசரமில்லாமல் பார்த்தார். பிறகு கண்ணாடியை அம்மாவிடமே பிடிக்கச் சொல்லிவிட்டு, தானே சவரம் செய்துகொண்டார்.

அந்த நாட்களில் கூப்பிட்ட நேரத்துக்கு ஆட்டோவோடு வந்து நின்ற எதிர்வீட்டுத் தம்பிக்கும், நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய பக்கத்து வீட்டுப் பாயம்மாவுக்கும், முறை வைத்து வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்த மில் நண்பர்களுக்கும், தேவாரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொண்ட தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கும்பிடுகிறோம்.

அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. ஐப்பசி மாதத்து அந்தச் சாயங்காலத்திலிருந்து அவர் போகும்வரை, தேனி பஸ் ஏறும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்து, கேட்காமலே திரும்பியிருக்கிறேன். கேட்டிருந்தாலும், நல்லா தொடச்சிருக்க ஆத்தா என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்று காலை அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அப்பாவின் படத்தைத் துடைத்தார். திருநீற்றைப் பூசி, காயவிட்டு, வேட்டித் துணியால் ஓரம் வரைக்கும். இறங்கி வந்து, அதே துணியால் பெல்ஜியம் கண்ணாடியையும் முழுக்கத் துடைத்துவிட்டு, அதன் முன்னால் நின்று, உங்களையெல்லாம் நினைவு நாளுக்கு அழைக்கக் கிளம்பத் தலை சீவிக்கொண்டார்.