பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆங்கில வகுப்பு

இன்று காலை உங்களுக்குத் தேநீர் கலக்கலாம் என்று பால்மா பைக்கற்றை வெட்டினேன். வாசம் மூக்கில் ஏறியதும் கரண்டி பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைகளே, மற்றவர்களுக்கு அது பால்மா வாசம். எனக்கு அது ஆங்கில வாசம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கினிகத்தேனைக்கு வரமுன் நான் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடத்தைப் பிள்ளைக்காம்பரா என்போம். ஞாயிற்றுக்கிழமை அது சும்மா கிடக்கும். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடைந்தவன், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் நான் ஒருவன்தான். அதுவும் தப்பிப் பிழைத்த சித்தி. அதற்கே என்னைப் பிடித்துப் பாடம் சொல்லும் 'சேர்' ஆக்கிவிட்டார்கள். தொட்டில் சேலைகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு, பால்மாவும் மூத்திரமும் கலந்த அந்த வாசத்துக்குள் நின்று லயத்து இளம்பெண்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கினேன்.

முதல் பாடம், அன்றாடம் செய்வதைச் சொல்வது. புத்தகத்தில் இருந்த மனிதர் எழுந்து, சுடுநீரில் குளித்து, பத்திரிகை பார்த்தபடி ஆறுதலாகத் தேநீர் குடித்தார்.

"அவரு எப்பங்க சேர் பெரட்டுக்குப் போவாரு?" என்று ஒருத்தி கேட்டாள். விடியலில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. வகுப்பே சிரித்தது.

சரி, அந்த ஆளை விடுங்கள், உங்கள் நாளைச் சொல்லுங்கள் என்றேன். முதல் பிள்ளை தட்டுத்தடுமாறிச் சொன்னாள். எழும்பினாள், தண்ணீர் பிடித்தாள், ரொட்டி சுட்டாள், பெரட்டுக்குப் போனாள், கொழுந்தெடுத்தாள், நிறுத்தாள், மறுபடி எடுத்தாள். எத்தனை மணிக்கு என்று கேட்டால் பகல் நிறுவைக்கு, அந்தி நிறுவைக்கு என்றாள். கொழுந்து நிறுக்கும் நேரந்தான் அங்கே கடிகாரம். அடுத்தவள் எழுந்து, "சேம், சேர்" என்று உட்கார்ந்தாள். அதற்கடுத்தவளும் அப்படியே. எப்படிக் கோபிப்பது? உண்மையைத்தானே சொன்னார்கள்.

மருதாயி அக்காவின் மகள் பரமேஸ்வரி மட்டும் வேறு நாளொன்றைச் சொன்னாள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு நுவரெலியா பஸ் ஏறுகிறாள். ஹோட்டல் வாசலில் நாற்காலியில் அமர்ந்து வருபவர்களுக்கு வணக்கம் சொல்கிறாள். பகல் சோற்றை உட்கார்ந்து தின்கிறாள்.

"பொய் சொல்றா சேர்."

"பொய் இல்லீங்க சேர். இனிமே நடக்கப்போறது."

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. ஒரு ஹோட்டலில் ஆள் கேட்டபோது போனாள். உன்னைப் பற்றிச் சொல் என்றார்களாம். தடங்கலில்லாமல் சொன்னாளாம், அவர்களுக்கும் நல்ல சந்தோசமாம். "அப்புறம் வெலாசம் கேட்டாங்க சேர். தோட்டம், லயம்னு சொன்னதும் பேச்சு நின்னுபோச்சு."

அதன் பிறகு எந்த ஹோட்டலுக்கும் அவள் போகவில்லை. அவளுடைய ஆங்கிலத்தைப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டவர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜன்சிக்காரர்தான்.

போய்ச் சில மாதங்களில் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தாள். நான் பெருமையாக, அங்கே உன் நாள் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.  அவள் தமிழில் சொன்னாள்: "நம்ம தோட்டத்துலன்னா அந்தி நிறுவையோட முடிஞ்சிரும்ல சேர். இங்க முடியிற நேரமே இல்லீங்க. எதைன்னு சொல்ல?"

வகுப்பும் மெல்லக் கலைந்தது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். பிள்ளைக்காம்பராவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. மலையில் பாதி காடேறிக் கிடக்கிறது. பரமேஸ்வரியின் போனும் நின்றுபோனது.

போன வாரம் மருதாயி அக்கா பஸ் மாறி மாறி நம் வீட்டுக்கு வந்தாரே, ஏன் வந்தார் என்று கேட்டீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். "அந்த வூட்டம்மாகிட்ட இங்கிலீசுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க தம்பி, புள்ள இருக்காளான்னு" என்று, அவள் வேலை செய்யும் வீட்டின் போன் இலக்கத்தை நீட்டினார். சுழற்றினேன். பதிவு செய்த குரலொன்று முதலில் அரபியிலும் பிறகு ஆங்கிலத்திலும் பேசியது. அந்த இலக்கம் பாவனையில் இல்லையாம்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கிலீசுதானே பேசுறாங்க? ஒங்களுக்கு வெளங்குதுல்ல தம்பி?"

விளங்குது அக்கா என்றேன். அதற்கு மேல் எனக்குத் தமிழும் வரவில்லை.