கேஸ் ஷீட் கேட்கக் கூச்சப்பட்டவன்

மரக்காணம் உப்பளத்தில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. ஊருக்கு மனு எழுதுவது என் பெருமை. பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று என் பேனா தொடாத காகிதம் எங்கள் சர்ச் பங்கில் இல்லை. பூசையில் வாசிக்கும் நன்றி மன்றாட்டுகூட நான் எழுதுவதுதான். என் மகள் பிறந்த வாரம், பிரசவம் பார்த்த டாக்டரம்மாவுக்காக நாலு வரி கூடுதலாகவே எழுதினேன்.

குழந்தையின் வலது கை மட்டும் அசையாமல் கிடந்தது. "ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார் நர்ஸ். ஆறு மாதமாகியும் ஆகவில்லை. பாண்டிச்சேரியில் வேறொரு டாக்டர் பார்த்துத்தான் சொன்னார், பிரசவத்தில் தோள் சிக்கியபோது இழுத்த இழுப்பில் நரம்பு அறுந்திருக்கிறது என்று.

திண்டிவனத்து வக்கீல் பொறுமையாக விளக்கினார். "நுகர்வோர் கோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாம். மெடிக்கல் கவுன்சில்லயும் புகார் குடுக்கலாம். ஆனா கோர்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் டைம். மொதல்ல பிரசவத்தப்போ என்ன செஞ்சாங்கன்னு குறிச்சு வெச்ச கேஸ் ஷீட் வேணும்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க. மூணு நாள்ல தந்தாகணும்."

எழுதுவதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? ஆனால் நான் எழுதவில்லை. முகம் பார்த்துச் சிரிக்கிற டாக்டரம்மாவிடம் காகிதத்தை நீட்டினால் என்ன நினைப்பார்? ஒரு கிலோ இறாலோடு அவர் வீட்டுக்குப் போய், "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று நின்றேன். கேஸ் ஷீட் என்று இழுத்ததும், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அடுத்த வாரமும் இறாலோடு போனேன். மகளுக்கு ஒன்றே முக்கால் வயதாகும்வரை அந்த வீட்டில் மீன் வாங்கியிருக்கவே மாட்டார்கள்.

கடைசியில் மனைவி பொறுமையிழந்தாள். "ஊருக்கெல்லாம் எழுதுறீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு பக்கம் எழுத வராதா?"

உட்கார்ந்தேன். அப்போதும் 'தங்களின் மேலான சேவைக்கு நன்றி' என்றுதான் கை ஆரம்பித்தது. பிடுங்கிக் கிழித்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், மூன்றே வரி. மூன்றாம் நாள் கேஸ் ஷீட் வந்துவிட்டது. இத்தனை மாதத்தை மரியாதைக்குத் தின்னக் கொடுத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கையில், வக்கீல் ஆபீசில் மகளின் சார்பாகக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா அவளிடம் ஒரு மிட்டாய் நீட்டினார். அவள் இடது கையை நீட்டினாள்.

"சோத்துக் கையால வாங்கணும் கண்ணு" என்று என் வாய் சொல்லிவிட்டது.

மனைவி என்னைப் பார்த்தாள். மகள் அழவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி, குமாஸ்தா பக்கம் நீட்டினாள்.