என் ஜெபத்தில் விழுந்த புளியமரங்கள்

எனக்கு ஒரு அக்கா உண்டு. கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதம் மூத்தவள், அவ்வளவுதான். அவள் இருந்தது கள்ளக்குறிச்சியில், நாங்கள் இருந்தது கல்வராயன் மலையடிவாரத்தில். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டே அவள் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! தலை சீவ உட்கார்ந்தால், "அவ முடி இன்னா அடர்த்தி பாரு" என்பாள் அம்மா. தட்டில் சோறு மிஞ்சினால், அவள் மிச்சமே வைக்க மாட்டாளாம். நான் தும்மினால்கூட அவள் இன்னும் கொஞ்சம் அடக்கமாகத் தும்முகிறவள்.

எல்லாவற்றிலும் மோசம் சபை நாள். வருஷா வருஷம் அன்றைக்கு எங்கள் ஊர் சர்ச்சில் பிள்ளைகள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை முழுசாக, பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். பரிசு எவர்சில்வர் டம்ளர். பெரியப்பாவுக்கும் அதுதான் சொந்தச் சபை என்பதால் அக்காவும் பஸ்ஸில் வந்து இறங்குவாள், மடமடவென்று சொல்வாள், டம்ளரோடு பஸ் ஏறிவிடுவாள். எங்கள் வீட்டுக்குக் கிடைப்பது அம்மாவின் பெருமூச்சு மட்டும்தான்.

அந்த வருஷம் கிணற்றடியிலும் கழனியிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்து என் வாயே வறண்டுபோனது. அப்படியும் தைரியம் வரவில்லை. ஒரு சாயங்காலம் சர்ச்சில் யாரும் இல்லாத நேரம் பார்த்து முட்டி போட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். ஆண்டவரே, அக்கா வரக் கூடாது.

மறுநாளே எங்கள் பக்கம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டது. கள்ளக்குறிச்சி ரோட்டுப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. ஊரெல்லாம் நின்று நின்று அதையே பேசியது. உண்மையில் இதற்கு யார் காரணம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையே பெயரும் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் சில பிள்ளைகள் மேற்கே திரும்பி நின்று, கல்வராயன் மலையை நகரச் சொல்லிப் பார்த்ததும் உண்டு. அது அசையவில்லை. இப்போது மரங்கள் விழுந்துவிட்டன. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, அப்புறம் குலை நடுங்கியது. ஒரு காய்ச்சல் போதுமே ஆண்டவரே, சின்னதாக ஒரு தொண்டைக்கட்டு போதுமே, இத்தனை புளியமரம் எதற்கு?

ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பக்கத்துத் தெரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள் என்று காதில் விழுந்தது. ரோட்டுக்கு ஓடிப்போய் மரம் இன்னும் கிடக்கிறதா என்று பார்ப்பேன். திரும்பி வந்து சங்கீதம் சொல்வேன், பாதியில் விட்டுவிட்டு மறுபடி ஓடுவேன். கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றும் ஜெபித்துப் பார்த்தேன். ஒரு மரமும் எழுந்திருக்கவில்லை.

சபை நாளுக்கு முந்தின நாள் தாங்க முடியாமல் போய், அடுப்படியில் இருந்த அம்மாவிடம் உடைத்துவிட்டேன்.

"ம்மா, மரத்தையெல்லாம் நான்தான் சாய்ச்சேன்."

"இன்னாடி ஒளர்ற?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. "போடி பைத்தியமே, மரத்த வெட்னது ஆளுங்க. அது சரி, அவ வரக் கூடாதுன்னு நீ ஏன் கேட்ட?"

"நீதான் எப்பப் பாத்தாலும் அவளையே சொல்லிக்கினு இருக்கியே!"

அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. விறகு எரிந்து அடுப்புக்கு வெளியே வந்துவிட்டது, அதைக்கூடத் தள்ளாமல் இருந்தாள். பிறகு, "வா, முட்டி போடு" என்றாள்.

அக்கா நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று ஜெபித்தாள். நான் ஆமென் சொல்லத் தயாரானேன், அம்மா நிறுத்தவில்லை. பெரியம்மாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். "இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளா அவங்கள வெச்சே என்ன அளந்துக்கினு இருந்துட்டேன் ஆண்டவரே. அதே கோலால இந்தப் புள்ளையையும் அளந்துட்டேன். நீர் என்ன யாரோடயும் சேத்து வெச்சிப் பாக்கலியே. அந்தக் கோல என் கையிலேருந்து வாங்கிக்கும்." சொல்லும்போதே விசும்பினாள். பெரியம்மா டீச்சர், அம்மா கழனி வேலைக்குப் போகிறவள், அதற்குப் போய் ஏன் அழ வேண்டும்? ஒரு கண்ணை மட்டும் திறந்து அம்மாவின் கையைப் பார்த்தேன். அதில் கோல் எதுவும் இல்லை.

மறுநாள் பெரியப்பாவும் அக்காவும் வந்தேவிட்டார்கள். மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தூக்கித் தாண்டி வந்திருக்கிறார்கள். அக்காவின் பாவாடை முள்ளில் கிழிந்து, காலெல்லாம் புழுதி. அவளைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். நான் சங்கீதத்தின் நடுவில் தடுக்கி நின்று, ஒருவழியாகச் சமாளித்து முடித்தேன். அடுத்து அக்கா சொன்னாள். டம்ளர் வழக்கம்போல அவளுக்கே.

வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் காத்திருந்தேன். இதோ அம்மா அக்காவைப் பற்றிச் சொல்லப் போகிறாள், அந்த வளைவு தாண்டினதும் சொல்லப் போகிறாள். அம்மா வாயே திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"ம்மா, அக்கா என்னவிட நல்லா சொன்னா, இல்ல?"

"தெரிலடி. நீ முடிச்சதும் கண்ண மூடி ஸ்தோத்திரம் பண்ணிக்கினு இருந்துட்டேன். அவ சொன்னத கவனிக்கல."

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. டம்ளர் வாங்கினவளை விட்டுவிட்டு, தடுக்கி நின்றவள் சொன்னதைப் போய்க் கேட்டிருக்கிறாளே! அம்மா என்னைக் கைகழுவிவிட்டாள், இனிமேல் அக்காவோடு ஒப்பிடக்கூட நான் லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டாள் என்று நினைத்து, வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.