முசோரிப் பயணமும் டிரைவர் சக்கரபாணியும்

வேனில் பன்னிரண்டு பேர் முசோரிக்குப் போவதென்று முடிவான அன்று டிரைவர் சக்கரபாணிக்குச் சோறு இறங்கவில்லை.

அது 1986, மாசி மாதம். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. திண்டிவனத்தில் வேர்க்கடலை மண்டி, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருந்த பத்மகுமாரிடம் எட்டு வருடமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். குடிக்க மாட்டார். முன்னால் போகிற மாட்டுவண்டிக்காரனை ஹாரன் அடித்து விரட்ட மாட்டார். அவர் ஓட்டினால் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பத்மகுமாரின் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

பயணத்துக்கு ஆசைப்பட்டவர் பத்மகுமாரின் மனைவி சாந்திமதி. மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். டெல்லிக்கு அந்தப் பக்கம் அஸ்தினாபுரத்து ஜைனக் கோயில்களைப் பார்க்க வேண்டும், அப்படியே மேலே போய்ப் பனிமலையையும் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிம்லாவுக்குப் போகலாம் என்றுதான் முதலில் பேச்சு. பஞ்சாபில் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தினமும் பேப்பரில் வந்ததால் அது முசோரியாக மாறியது.

"மே மாசம் போனா ரூமும் கிடைக்காது, ரோட்டுல கால் வைக்கவும் எடம் இருக்காது. பங்குனி பொறந்ததும் கெளம்பிட்டா சீசனுக்கு முந்தி பார்த்துட்டு வந்துடலாம். சித்திரையில மல்லாட்டை வரத்து ஆரம்பிச்சிடும்" என்றார் பத்மகுமார்.

மண்டியின் மேல்மாடியில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் பெரிய ரோடு மேப்பை விரித்திருந்தார்கள். நெல்லூர், விஜயவாடா, நாக்பூர், ஜான்சி, டெல்லி என்று பத்மகுமார் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். எந்த ஊரில் தங்குவது என்பதை சாந்திமதிதான் முடிவு செய்தார். ஜைனர்களுக்குப் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அதனால் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்குள் வண்டி யாத்ரிகர் தங்கும் தர்மசாலை ஒன்றில் நிற்க வேண்டும், கூட வரும் சமையல்காரர் அடுப்பு மூட்ட வேண்டும்.

"ஒரு நாளைக்கி எரநூத்தம்பது கிலோமீட்டர் முடியுமா அண்ணே?" என்று கேட்டார் சாந்திமதி.

"முடியும்மா. தாராளமா முடியும்."

கோடு டேராடூனைத் தொட்டது. அதற்குமேல் மேப்பில் பழுப்பு நிறம். அங்கே பாதை நேராகப் போகாமல் மண்புழு மாதிரி நெளிந்து நெளிந்து மேலே ஏறியது. சக்கரபாணி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலால் அந்த வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

பத்மகுமாரிடம் வருவதற்கு முன்னால் அவர் கல்யாணப் பார்ட்டிகளுக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே நாற்பத்தெட்டுப் பேர். நாலு வளைவை கியரை வைத்தே சமாளித்தார். ஐந்தாவது வளைவில் பஸ் தடுப்புச் சுவரை இடித்து, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றியபடி நின்றது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஓட்டின சாமர்த்தியத்தால்தான் பிழைத்தோம் என்று மாப்பிள்ளை வீட்டார் மாலை போட்டார்கள். அந்த மாலையோடு போய் ஒரு பாறை மறைவில் வாந்தி எடுத்தார் சக்கரபாணி.

அதன் பிறகு அவர் மலை ஏறவே இல்லை. அது யாருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டார். திருப்பதி என்றால், மேலே வண்டி நிறுத்த எடமில்லை என்று சொல்லி அடிவாரத்திலேயே எல்லோரையும் தேவஸ்தான பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஊட்டியில் ஒரு கல்யாணம் வந்தபோது காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். இந்த முறை இருபத்தாறு நாள் பயணம். காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஜைன வழக்கப்படி தண்ணீர் வடிகட்ட இரட்டை மடிப்பாகத் துணி தைத்தார்கள். வெங்காயம், பூண்டு இல்லாத பொடிகள் இடித்து டின் டின்னாக அடைத்தார்கள். சாந்திமதி தினமும் ஒரு கேள்வியோடு வருவார். "மலை ஏறும்போது பள்ளம் எந்தப் பக்கம் வரும்ணே? நான் அந்தப் பக்கந்தான் ஒக்காருவேன்." சக்கரபாணி சிரித்து மழுப்புவார். பட்டறையில் பிரேக்கைச் சரிபார்க்க வேனை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் எல்லாம் புதுசு போல இருக்கிறது என்று சொன்ன பிறகும் கீழே படுத்து மூன்று முறை தானே பார்த்தார்.

கிளம்ப பத்து நாள் இருந்தபோது, வண்டியை நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று பத்மகுமாரிடம் அனுமதி வாங்கினார். சக்கரபாணி மனதில் வைத்திருந்தது ஏலகிரி மலை. ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால் பயம் விட்டுவிடும் என்று நினைத்தார். நானும் வருகிறேன் என்று மனைவி கோவிந்தம்மாள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வரைக்கும் கோவிந்தம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். ஏலகிரி அடிவாரம் வந்ததும் சக்கரபாணி பிரேக்கை மறுபடி மிதித்துப் பார்த்தார். முதல் வளைவு திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. மூன்றாவதில் முதல் கியருக்கு இறக்கி ஊர்ந்தார். பள்ளத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்க்காமல் இருந்தால் அது பக்கத்தில் வந்துவிடும் போல் இருந்தது. நாலாவது வளைவில் மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கியது. சக்கரபாணி நட்டநடு ரோட்டில் பிரேக்கை மிதித்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்க வேண்டுமானால் வேன் நாலடி பின்னால் போக வேண்டும். பின்னால்தான் பள்ளம். ஸ்டியரிங்கை விட்டுக் கியர் தண்டுக்குக் கை போகவில்லை.

"இன்னாய்யா, ஏன் நிக்கிற?" என்றாள் கோவிந்தம்மாள்.

பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். திட்டுவதை விட்டுவிட்டு, "கொஞ்சம் நகந்து ஒக்காருங்க" என்றார். தானே வேனைப் பின்னுக்கு எடுத்து, அகலமான இடத்தில் கீழ்நோக்கித் திருப்பி நிறுத்தினார். போகும்போது ஜன்னல் வழியே குனிந்து, "மெதுவா எறங்கிப் போயிடுங்க. ஆளுங்கள ஏத்திக்கினு இங்க வராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஏற்காட்டுக் கதையை முதன்முறையாக மனைவியிடம் சொன்னார். அவள் அழவில்லை.

"மொதலாளிகிட்ட சொல்லிடு."

"வேலை போயிடும்டி. மலை ஓட்டத் தெரியாத டிரைவருன்னு ஊர்ல சிரிப்பாங்க."

"பன்னெண்டு பேரு போறாங்க. உனக்கு எதுனா ஆனாலும் நானு இங்க தனியா கெடக்கணும். சொல்லிடு."

ஆனாலும் சொல்ல ஐந்து நாள் ஆனது. காலையில் மண்டிக்குப் போவார், பத்மகுமார் தராசுப் பக்கம் தனியாக நிற்பதைப் பார்ப்பார், மூட்டை எண்ணுகிறவர்களிடம் போய் நின்றுகொள்வார். வேலை போவது ஒரு பயம். சொல்லாமலே கிளம்பிவிடுவோமோ என்பது அதைவிடப் பெரிய பயம். கண்ணை மூடினால் வேன் பள்ளத்தில் உருள்வது தெரிந்தது. அதில் சாந்திமதி ஜன்னல் ஓரத்தில் இருந்தார்.

ஆறாம் நாள் மேல்மாடிக்குப் போனார். கணவனும் மனைவியும் மேப்பின்மேல் குனிந்திருந்தார்கள்.

"மொதலாளி, டேராடூன் வரைக்கும் நான் ஓட்டறேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

பத்மகுமார் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். சக்கரபாணி நின்றபடியே ஏற்காட்டையும் ஏலகிரியையும் சொல்லி முடித்தார். பத்மகுமாரின் முகம் சிவந்தது.

"எட்டு வருஷமா எங்கிட்ட பொய் சொல்லிக்கினு இருந்திருக்கிற. என் பொண்டாட்டி, தங்கச்சி, அதுங்க பசங்கள எல்லாம் உன்ன நம்பித்தான் ஏத்தறேன்."

"ஆமாங்க. தப்புதாங்க."

"சாவிய வெச்சிட்டுப் போ."

சக்கரபாணி சாவியை மேப்பின்மேல் வைத்துவிட்டு இறங்கினார். அன்றும் மறுநாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலும், கணக்கை முடிக்க மண்டியிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். விழுப்புரத்தில் ஒரு லாரி ஆபீசில் ஆள் தேடுகிறார்கள் என்று கோவிந்தம்மாள் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றவர் சாந்திமதி. வேன் சாவி அவர் கையில் இருந்தது.

"டேராடூன் தர்மசாலைக்கி டிரங்கால் போட்டுப் பேசினோம்ணே. மலை ஓட்டறதுக்குன்னே அங்க ஆளுங்க இருக்காங்களாம், ஏற்பாடு பண்றேன்னு சொல்லிட்டாரு மேனேஜர். அது வரைக்கும் நீங்கதான் ஓட்டணும்."

"மொதலாளி கோவமா இருக்காருங்களா?"

"இருக்காரு. எனக்கும் கோவந்தான். அங்க போய் வளைவுல நின்னிருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனச்சி ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா கெளம்பறதுக்கு முந்தியே சொல்லிட்டீங்க" என்றார்.

பங்குனி ஐந்தாம் தேதி கிளம்பினார்கள். நாக்பூர் தாண்டியும் பத்மகுமார் சக்கரபாணியோடு பேசவில்லை. ஜான்சிக்கு முன்னால் ஒரு டயர் வெடித்தபோது சக்கரபாணி வண்டியை அலுங்காமல் ஓரம் கட்டினார். அதன் பிறகுதான் பத்மகுமார் ஒன்றிரண்டு வார்த்தை பேச ஆரம்பித்தார். எல்லா நாளும் ஐந்து மணிக்குள் அடுப்பு மூட்டியாகிவிட்டது.

அஸ்தினாபுரத்துக் கோயில்களைப் பார்த்து முடித்தபின், டேராடூனில் சக்கரபாணி சாவியை ஒரு மலைக்கார டிரைவரிடம் கொடுத்தார். வயதானவர், பீடி குடிக்கிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. சக்கரபாணி பிரேக்கைக் காட்டினார், கியரைக் காட்டினார், கையெடுத்துக் கும்பிட்டார். நீயும் ஏறிக்கொள் என்று பத்மகுமார் கூப்பிட்டார். சக்கரபாணி தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மூன்று நாள் தர்மசாலையில் தனியாக இருந்தார். ஓட்டாமல் இருந்தால் பயம் இருக்காது என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. தூரத்து மலையில் மேகம் இறங்கினால் எழுந்து நடந்தார். மழைத் தூறல் விழுந்தபோது சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் மத்தியானத்திலிருந்து கேட்டருகிலேயே நின்றார். நாலரை மணிக்கு வேன் வந்தது. கதவு திறந்ததும் ஒவ்வொரு முகமாக எண்ணினார். பன்னிரண்டும் சரியாக இருந்தபின் போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டார்.

மறுநாள் ஊர் திரும்பும் வழியில் வண்டி ரூர்க்கியைத் தாண்டும்போது சாந்திமதி பின்சீட்டிலிருந்து சொன்னார்: "ரெண்டு நாள் ஒரே மூட்டம்ணே. ஊரே காலி, கடையே பாதிக்கு மேல தெறக்கல. கெளம்பற அன்னிக்கிக் காலையில பத்து நிமிஷம் வெலகிச்சி. வடக்குப் பக்கம் முழுக்க வெள்ளை."

"பள்ளத்தப் பார்த்தீங்களா?"

"ஏறும்போது பார்த்தேன். எறங்கும்போது கண்ண மூடிக்கினேன்."

சக்கரபாணி அதன்பின் இன்னும் பதினொரு வருடம் அந்த மண்டியிலேயே வேலை பார்த்தார். மண்டி வேனை வாடகைக்குக் கேட்டு யார் வந்தாலும் மலைக்கு வேறு டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். சிலர் சிரித்தார்கள். சிலர் வேறு வண்டி பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் தடுக்கவில்லை.