குடுக்கைக்குக் கழுத்து வைத்தது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்று என்னுடையது, பக்கத்துக் குழியில் தம்பியுடையது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

நெய்யும்போது நான் பாடுவேன். கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டதுதான். தம்பிக்குப் பாட்டு வராது. வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் 'ம்' என்று இழுத்துக்கொண்டிருப்பான். தறியில் குறுக்கே அவன் நாடா ஓடும், அந்தச் சத்தமும் ஓடும். என் பாட்டு அதன்மேல் நிற்கும்.

அவன் பட்டணத்து மில் வேலைக்குப் போனான். போகிற அன்று காலையில்தான் கடைசிச் சேலையை அறுத்தான். பாவு நூலின் முனையை மட்டும், இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பான பண்ணையில் விட்டுவைத்தான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் விடுவோம். அடுத்த பாவை அந்த மிச்சத்தோடு இழைக்கு இழை முறுக்கிச் சேர்ப்பது வழக்கம்.

"பங்குனி உத்திரத்துக்கு வந்துடறேண்ணா. என் தறியில வேற யாரையும் குந்த வெக்காதே" என்றான்.

இரண்டு உத்திரம் போயிற்று. அவன் வரவில்லை. நான் தனியாகப் பாடிப் பார்த்தேன். மூன்றாவது அடிக்குள் சுருதி இறங்கிவிடும். நிறுத்திவிட்டேன்.

தாமல் கிராமத்திலிருந்து பெரிய சுரைக்காய் ஒன்று கொண்டுவந்து காயப்போட்டேன். குடைந்து குடுக்கையாக்கி, புளியங்கொட்டைப் பசையால் மேலே பலகை ஒட்டினேன். கழுத்துக்கு மூங்கில் வைத்தேன். ஒரே ஒரு பித்தளைக் கம்பி. தம்பி 'ம்' என்று இழுத்ததைச் செய்ய அது போதும்.

கட்டி மீட்டினால் கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்கியது. முறுக்கினேன். மறுபடி இறங்கியது. பாவு தொய்ந்தால் இழுத்துக் கட்டுவோம், சரியாகிவிடும். அந்தப் பழக்கத்தில் இழுத்துக்கொண்டே இருந்தேன். இழுக்க இழுக்க மூங்கில் வில்லாக வளைந்தது.

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, பொண்ணு கெடைக்கலன்னு சொரக்காய்க்குத் தாலி கட்டிக்கினு கீறியா?"

"அதுவாவது பேசாம இருக்கும்" என்றேன்.

தறி செய்கிற ஆசாரி வந்து பார்த்தார்.

"கம்பி மேல குத்தம் இல்லபா. கழுத்து வெறைப்பா இருக்கணும். பச்ச மரம் ஆவாது. பல வருசம் இழுப்பத் தாங்கின மரமாப் பாரு."

"அதுக்கு நான் எங்க போவேன்?"

அவர் பார்வை தம்பியின் தறிமேல் போயிற்று. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

படமரம். நெய்த சேலையைச் சுற்றுகிற மரம், நெய்பவன் வயிற்றுக்கு முன்னால் கிடக்கும். தம்பியுடையது வேங்கை. அத்தனை ஆயிரம் இழையும் நாள் முழுவதும் பிடித்து இழுத்தும் மயிரிழைகூட வளையாதது.

"அத்த அறுத்துக் குடுப்பீங்களா?"

"நான் மாட்டேன்பா. உயிரோட இருக்கிறவன் தறி. நாளைக்கு வந்து கேட்டான்னா இன்னா சொல்லுவே?"

பத்து நாள் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே நெய்தேன். அதை அறுத்தால் அவன் வரமாட்டான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். அறுக்காவிட்டால் வீட்டில் சத்தமே இல்லை.

ரம்பத்தை இரவல் வாங்கி நானே அறுத்தேன். அதற்கு முன், மரத்தில் கட்டியிருந்த பாவு மிச்சத்தை அவிழ்த்து, பண்ணையை விட்டு உருவிக்கொண்டு போகாதபடி கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டேன். அவன் வந்தால் புது மரம் போட்டுக்கொள்ளலாம்.

வேங்கை உளிக்கு லேசில் இடம் கொடுக்கவில்லை. கையில் கொப்புளம். கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கினேன். ஓர் இடத்தை மட்டும் சுரண்டவில்லை. தம்பியின் வயிறு உரசி உரசி அங்கே மரம் தானாகவே பளபளத்தது.

கம்பி கட்டினேன். காலையில் வைத்த சுருதி சாயங்காலமும் அப்படியே இருந்தது. மிதிபலகையிலிருந்து ஒரு நூலை இழுத்து, மூங்கில் சிம்பு ஒன்றில் கட்டினேன். நான் மிதிக்கும்போதெல்லாம் சிம்பு கம்பியைத் தட்டும். மறுபடி பாட ஆரம்பித்தேன்.

மூன்றாம் உத்திரத்துக்குத் தம்பி வந்தான். சட்டை, குடை. தறியைத்தான் முதலில் பார்த்தான்.

"என் படமரம் எங்கண்ணா?"

காட்டினேன். பளபளத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். அவன் கோபத்துக்கு என்னென்னவோ பதில் வைத்திருந்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றான். "தறிய இன்னா பண்றதுன்னு நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். அங்கயே வீடு பாத்துட்டேண்ணா."

அவன் திட்டியிருக்கலாம்.

இரண்டு நாள் இருந்தான். நான் நெய்துகொண்டே பாடினேன். அவன் சுவரோரம் உட்கார்ந்து கேட்டான். வாய் மூடித்தான் இருந்தது, அந்த 'ம்' வரவில்லை.

"சுருதி நல்லா நிக்குதுண்ணா."

"நிக்கும்டா. உன் மரம்."

ரயிலேற்றிவிட்டு வந்தேன். அவன் தறிக்குழியில் இறங்கி முடிச்சுகளை அவிழ்த்தேன். இழுக்க இழுக்க இழைகள் பண்ணையை விட்டு வந்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை.